முதல் பிரசவம் சிசேரியன் ஆனபின்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில், முதல் குழந்தையைச் சிசேரியனில் பெற்றெடுத்தவள் மறுபடி கர்ப்பமுற்றால், 'இதுவும் ஆபரேஷன்தான்' என்று உற்றார் உறவினர் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுவதும், அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அவள் மௌனமாகிவிடுவதும் சகஜமாகிவிட்டன. கேட்க வேண்டியவை அநேகம் உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஒருமுறை சிசேரியன் செய்தவளுக்கு எப்போதும் சிசேரியன்தான் என்ற கருத்தை 1916-இல் எழுதிவைத்தவர் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின். கருப்பையின் மேற்பாகத்தை நெடுக்காகக் கீறிய காலம் அது. பிரசவ வேதனையில் அந்தத் தழும்பு பிளந்துவிடும் அபாயம் மெய்யாகவே பெரிது. பிற்பாடு கிளாஸ்கோ நகரத்து மன்றோ கெர் போன்றோரின் முயற்சியால் கீழ்ப்பாகத்தைக் குறுக்காகக் கீறும் முறை பரவிய பின்னும், பழைய அச்சம் மட்டும் நீடித்தது. இன்று குறுக்குத் தழும்புள்ளவர்கள் தக்க கண்காணிப்பில் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நூற்றுக்கு 70 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிளப்பது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே.

ஆனால் இந்தச் சராசரி எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. வயது, உடற்பருமன், முன்பு சுகப்பிரசவம் ஆனதுண்டா என்பன போன்றவற்றைக் கொண்டு ஒவ்வொருத்தியின் வாய்ப்பையும் தனித்தனியே மதிப்பிடும் கணக்கொன்றை, அமெரிக்க மருத்துவர் கிராப்மனும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்டார்கள். தாயின் இனத்தையும் அதில் சேர்த்ததால் கறுப்பினப் பெண்களுக்கு வாய்ப்புக் குறைவாகக் காட்டிற்று. அந்த அநியாயம் கண்டிக்கப்பட்டு, 2021-இல் இனத்தை நீக்கிய கணக்கு வந்தது. அமெரிக்கப் பெண்களைக் கொண்டு அமைந்த கணக்கு ஆதலால், நம் பெண்களுக்கு அது காட்டும் எண்ணை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, விதியாகக் கொள்ளலாகாது.

எந்தக் கணக்கையும்விட முக்கியமானது, மஞ்சள் பையில் மடித்துக் கிடக்கும் பழைய டிஸ்சார்ஜ் காகிதம். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் ஆபரேஷன் என்று அதில் எழுதியிருந்தால், அக்காரணம் இம்முறை இல்லாமற் போகலாம், வாய்ப்பு அதிகம். வலி வந்தும் தலை இறங்கவில்லை என்றிருந்தால் வாய்ப்புச் சற்றுக் குறையும். முன்பே ஒரு சுகப்பிரசவம் கண்டவளுக்கோ நூற்றுக்கு 85-க்கு மேல். கருப்பையை நெடுக்காகக் கீறியதாகக் குறிப்பிருந்தால் முயற்சியே கூடாது. வயிற்றின் மேல் தெரியும் வடுவைப் பார்த்து உள்ளிருக்கும் கீறலை யூகிக்கவும் இயலாது. அந்தக் காகிதத்தைத் தொலைத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். ஆகவே இக்கேள்வி வீட்டுக்கு வீடு எழும். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பின்னும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரூன்றிப் பெரும் உதிரப்போக்கை உண்டாக்கும் அபாயம் ஏறுகிறது என்பதையும் மறக்கலாகாது.

வாய்ப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், நொடியில் ஆபரேஷனுக்கு மாறத்தக்க தியேட்டரும், மயக்க மருத்துவரும், ரத்தமும் இல்லாத இடத்தில் முயலவே கூடாது. செஞ்சியிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆதலால் வலி கண்டபின் 108 ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே காகிதத்தை மருத்துவரிடம் காட்டி, எங்கே பிரசவம், எந்தக் கட்டத்தில் முயற்சியை நிறுத்தி ஆபரேஷனுக்குப் போவது என்பதைத் தாயும் மருத்துவரும் பேசி முடிவு செய்துகொண்டு, நாள் நெருங்குமுன் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அருகே போய்த் தங்கிவிடுவது உத்தமம்.