விசையைத் திறந்தால் திணறும் படகு எஞ்சின்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழிஞ்ஞம், முற்காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிற்று. பெருங்கப்பல்கள் அணையும் புதிய துறைமுகம் இன்று அங்கே அமைந்திருப்பினும், பழைய விரிகுடாவில் மீன்பிடி வள்ளங்களே மிகுதி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திறந்த கரைகளில் வள்ளம் இறக்க இயலாதபோது, அண்டைக் கிராமத்து மீனவரும் இவ்விரிகுடாவின் பாதுகாப்பை நாடி வருகின்றனர்.

வள்ளங்களின் பின்புறத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சின், கேரளக் கரையில் 1980-களின் தொடக்கத்தில் பரவலாயிற்று. கரையை நெருங்கும் வள்ளம், பின்னே எழும் அலை தன்னைப் பிடிக்குமுன் விரைந்து செல்லவேண்டும். அத்தருணத்தில் விசைப்பிடியைத் திருகியும் எஞ்சின் ஓரிரு நொடி திணறுமாயின், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ நேரிடும். சாலையில் மோட்டார் வண்டிக்கு வருவதும் இதே குறைதான். ஆனால் அலைவாயில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரும்.

தயக்கத்தின் காரணம்

எஞ்சின் நன்கு எரிவதற்கு எடையளவில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். விசையைத் திடீரெனத் திறந்தால், இலேசான காற்று உடனே உட்புகுகிறது. கனமான எரிபொருளோ சற்றுப் பிந்தியே வருகிறது. வந்ததிலும் ஒரு பகுதி குழாயின் உட்சுவரில் ஈரமாய்ப் படிந்துவிடுகிறது. ஆகவே, கணநேரம் கலவை மெலிந்து எஞ்சின் திணறுகிறது. பழைய கார்களின் கார்புரேட்டரில் இக்குறையை ஈடுசெய்ய ஒரு சிறு பம்பு கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும். புதிய கார்களில் மின்னணுக் கருவி அவ்வேலையைச் செய்கிறது. எளிய இருவீச்சு அவுட்போர்டு எஞ்சின்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இத்தொல்லை மேலும் அதிகம். பெட்ரோல், உறைநிலைக்கு 40 பாகை சென்டிகிரேடு கீழேயும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். மண்ணெண்ணெய்க்கோ 35 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணம் தேவை. எனவேதான் மீனவர் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றனர். போதிய சூடு ஏறுமுன் மாற்றிவிட்டால் தயக்கம் தோன்றுவது இயல்பே.

குறையைக் கண்டறியும் முறை

முதலில் காதால் கேட்டறிதல் வேண்டும். எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வள்ளம் முன்னேறாவிடில், குற்றம் எஞ்சினில் இல்லை. சுழல்விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருக்கலாம், அல்லது வலைத்துண்டு சிக்கியிருக்கலாம். ஓசையே தாழ்ந்து அடங்குமாயின், எரிபொருளையும் தீப்பொறியையும் ஆராய வேண்டும்.

அடுத்து, எரிபொருள் தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத்துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது மூடியிருப்பின் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. பின்னர் வடிகட்டியையும், குழாய் இணைப்புகளையும், தொட்டியடியில் தேங்கிய நீரையும் கவனிக்கலாம். இப்போது விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். ஆகவே பெட்ரோலை நெடுநாள் தேக்கி வைத்தல் நன்றன்று.

இதன்பின் இரு எளிய சோதனைகள் உண்டு. வேகம் கூட்டும்போது எஞ்சின் திணறுகையில், குழாயிலுள்ள ரப்பர்க் குமிழைக் கையால் பிசைய வேண்டும். உடனே எஞ்சின் தெளிந்தால், எரிபொருள் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பது பொருள். பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், குழாயில் காற்று கசியலாம். இரண்டாவதாக, சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்கலாம். தெளிவு ஏற்பட்டால் கலவை மெலிந்துள்ளது. திணறல் கூடினால் கலவை செறிந்துள்ளது, அல்லது தீப்பொறியில் குறை உள்ளது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மேலும் புலப்படும். கறுத்து ஈரமாயிருப்பது செறிந்த கலவையையோ வலுவற்ற தீப்பொறியையோ காட்டும்; வெளுத்திருப்பது மெலிந்த கலவையைக் குறிக்கும். பளு ஏறும்போது உருளைக்குள் அழுத்தம் கூடுவதால், அமைதியான ஓட்டத்தில் தாவிய பொறி அப்போது தாவாமற் போகலாம். ஆதலின் கரையில் நன்றாக ஓடுகிறது என்பதைக் கொண்டு பிளக் நல்லதென முடிவுசெய்தல் கூடாது.

செப்பனிடுதல்

மேற்கூறியவை சரியாக இருப்பினும் திணறல் நீங்காவிடில், கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்யவேண்டும். நுண்துளைகளைக் காற்றால் ஊதித் திறப்பதே முறை. கம்பியால் குத்தினால் துளை அகன்று அளவு கெடும். விசைப்பிடியைத் திருகும்போது காற்றுவழியும் தீப்பொறி நேரமும் ஒருங்கே முன்னேறுகின்றனவா என்பதையும் பயிற்சி பெற்ற மெக்கானிக் நோக்கவேண்டும். கலவைத் திருகைப் பொறுத்தவரை, சற்றுச் செறிவாக வைப்பதே பாதுகாப்பு. எரிபொருளுடன் கலந்து வரும் எண்ணெயே இருவீச்சு எஞ்சினுக்கு உயவு. கலவை மெலிந்தால் உயவும் குறைந்து, உஷ்ணம் ஏறி, பிஸ்டன் இறுகிவிடும்.

சோதனையின்போது எஞ்சினை நீரில்லாமல் ஓட்டக்கூடாது. நீர் நிறைந்த பீப்பாயில் அதன் கால் அமிழ்ந்திருத்தல் வேண்டும். அருகே நெருப்பு ஆகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

இவற்றின் தத்துவத்தை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். அடியில் சிறு துளையிட்ட புட்டியில் நீர் நிரப்பி, வாயை இறுக மூடினால் நீர் ஒழுகுவது நின்றுவிடும். திறந்தால் மீண்டும் ஒழுகும். மூடிய தொட்டித்துளையின் கதை இதுவே. கண்ணாடித் தட்டில் ஒரு துளி ஸ்பிரிட்டும் ஒரு துளி மண்ணெண்ணெயும் இட்டால், முன்னது விரைவில் உலர்வதையும் பின்னது நெடுநேரம் ஈரமாய் நிற்பதையும் மாணவர் காண்பர்.

கடற்கரைக் கிராமங்களில் பணிபுரிவோர் மீனவரிடம் வற்புறுத்தவேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினின் குறையை அலைவாயில் முதன்முதலாக அறியலாகாது. அமைதியான நீரிலேயே, புறப்படுமுன் ஒருமுறை விசையைச் சட்டெனத் திறந்து பார்க்கும் பழக்கம் அரை நிமிடச் செலவே. அவ்வரை நிமிடம் ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.