தறிச் சாயமும் நெற்றிக் குங்குமமும்

நூலுக்கு இட்டு மிஞ்சிய சிவப்புச் சாயத்தைக் குங்குமத்தில் கலந்தால் என்ன என்று பாவூர்சத்திரம் வட்டாரச் சங்கங்களில் அங்கத்தினர் சிலர் நம்மை வினவியதுண்டு. கூடாது என்பதே நமது விடை. காரணத்தையும் கூறுவோம்.

மஞ்சளில் சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் அது சிவக்கும். ஆரத்தி நீர் சிவப்பது இதனாலேயே. பழைய முறைக் குங்குமமும் மஞ்சளிலிருந்தே பிறந்தது.

1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பெர்கின், நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு செயற்கைச் சாயம் கண்டார். அவ்வழி வந்த சாயங்கள் தறிக்குப் பெருந்துணையாயின. ஆனால் சாயமிட்ட நூலை நாம் பலமுறை அலசுகிறோம். நெற்றிச் சாயமோ வியர்வையில் கரைந்து நாள் முழுதும் தோலில் ஊறுகிறது. சிலருக்கு அரிப்பு உண்டாகிறது. பொட்டு வைத்த இடம் கறுத்தும் போகிறது.

அழகுப் பொருள்களில் சேர்க்கத்தக்க வண்ணங்களை ஐ.எஸ். 4707 என்னும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுத்துள்ளது. ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்த வண்ணங்களைச் சட்டம் அறவே விலக்குகிறது. துணிக்குரிய ரோடமின்-பி சாயம் பஞ்சுமிட்டாயில் காணப்பட்டதால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அத்தகைய மிட்டாயைத் தடை செய்ததையும் நினைவிற் கொள்வோமாக.

ஆகவே, சாய டப்பாக்களைப் பூட்டி வைப்பதும், மிச்சம் வீட்டிற்குச் செல்லாமற் காப்பதும் சங்கத்தின் கடமையாம்.