பச்சிளம் பெண்ணும் ஹார்மோன்களும்

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் திருவொற்றியூரில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலை, துணி மாற்றிய ஆயா அப்படியே நின்றுவிட்டார். துணியில் இரண்டு மூன்று சொட்டு இரத்தக் கறை!

"இன்னாம்மா இது, பச்சக் கொழந்தைக்கு?" என்று கேட்டார். அடுத்த வீட்டு அம்மாள் தோஷம் என்றார், பரிகாரமும் சொன்னார். இன்னொருவர் எண்ணூர்ப் புகையினால் என்றார். அந்தப் புகைக்கு எத்தனையோ பழி உண்டு. இந்தப் பழி மட்டும் அதற்கு உரியதன்று. அக்கா அன்றிரவு முழுவதும் அழுதாள். விலங்கியல் மாணவியாகிய நான் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். ஆயினும் எனக்கும் விடை தெரியவில்லை. மறுநாள் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர், "பயப்படாதீர்கள், தானே நின்றுவிடும்" என்றார். அவ்வாறே நின்றது. அதன்பின் நான் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

கருவுற்ற காலத்தில் நச்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன்களை ஏராளமாகச் சுரக்கிறது. அவை தாயின் குருதியில் மட்டுமன்றிச் சேயின் குருதியிலும் கலக்கின்றன. சிசுவின் சின்னஞ்சிறு கருப்பையின் உட்படலம் அதனால் தடிக்கிறது. பிறந்து, தொப்புள்கொடியை அறுத்ததும் அந்த வரத்து நின்றுபோகிறது. சில நாட்களில் ஹார்மோன் அளவு சரிய, தடித்த படலம் சிறிது உதிர்கிறது. பெரியவர்களின் மாதவிலக்கும் ஏறக்குறைய இம்முறையில்தானே நிகழ்கிறது! வெள்ளை படுதல் பல பெண் குழந்தைகளுக்கு உண்டு. இரத்தக் கறை சிலருக்கே தெரியும்.

மார்பு வீங்குவதும் இதனால்தான். ஆண் குழந்தைக்கும் வீங்கும்; சிலவற்றில் பால் போன்ற நீரும் கசியும். "கெட்ட பால்" என்று அதைப் பிதுக்கி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் ஆயாவும் கை வைக்கப் போனார், தடுத்துவிட்டோம். பிதுக்கினால் கிருமி புகுந்து சீழ்க்கட்டி உண்டாகலாம். பெண் குழந்தையாயின் பிற்காலத்து மார்பு வளர்ச்சியே கெடக்கூடும். தொடாமல் விட்டால் தானே வற்றிவிடும்.

இதுவரை சொன்னது தாயிடமிருந்தும் நச்சுக்கொடியிலிருந்தும் வந்த வரவு. எனக்கு வியப்பூட்டியது அடுத்த கட்டம். கருவில் இருக்கும்போது நச்சுக்கொடியின் ஹார்மோன்கள் சிசுவின் மூளையையும் கபச்சுரப்பியையும் அடக்கி வைத்திருக்கின்றன. பிறந்தபின் அந்தத் தடை நீங்குகிறது. சுமார் ஒரு வாரத்தில் குழந்தையின் கபச்சுரப்பி தானே வேலையைத் தொடங்குகிறது. பெண் குழந்தையிடம் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் ஆண் குழந்தையைவிட மிக அதிகமாக ஏறுகிறது. முதல் மூன்று மாதங்களுக்குள் உச்சமடைந்து மெல்ல இறங்குகிறது; முற்றும் அடங்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். சினைப்பையில் நுண்பைகள் வளர்வதும் சுருங்குவதுமாக இருப்பதால் ஈஸ்ட்ரோஜனும் ஏறி இறங்கும். ஆண் குழந்தைக்கோ டெஸ்டோஸ்டிரான் ஏறி, ஆறு மாதத்திற்குள் அடங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'மினி பியூபர்ட்டி' என்கிறார்கள். குறும்பூப்பு எனலாமா? குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைகளிடம் எஃப்.எஸ்.எச். இன்னும் உயர்ந்து, இன்னும் நீடிக்கும்.

இத்தனை நுண்ணிய அளவைச் சில துளி இரத்தத்தில் காண்பது எப்படி? ரோசலின் யாலோவும் பெர்சனும் கண்ட கதிரியக்க அளவை முறையே இதற்கு வழி திறந்தது. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1973-இல் பிரான்சில் ஃபாரெஸ்ட் குழுவினர் ஆண் சிசுக்களின் டெஸ்டோஸ்டிரான் உயர்வை வெளியிட்டனர். 1975-இல் வின்டர், ஃபைமன் முதலியோர் பிறப்பு முதல் நான்கு வயது வரை கபச்சுரப்பி ஹார்மோன்களின் போக்கைக் காட்டினர்.

இதனால் ஒரு பயனும் உண்டு. டர்னர் நோயில் சினைப்பை சரிவர வளராது. அத்தகைய குழந்தைகள் பலரிடம் இம்மாதங்களில் எஃப்.எஸ்.எச். மிக உயர்ந்து காணப்படும். பின்னர் அது இறங்கிவிடுவதால், ஐந்தாறு வயதில் சோதித்தால் குறை புலப்படாமல் போகலாம்.

எல்லாக் கசிவையும் இயல்பென்று விட்டுவிடலாகாது. தொப்புள், மூக்கு, மலம் ஆகியவற்றில் இரத்தம் கண்டால் வைட்டமின் 'கே' குறைவாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கறை அதிகமானாலும், இரண்டு வாரம் கடந்து தோன்றினாலும், மார்பு சிவந்து சுட்டாலும் அப்படியே.

அக்கா மகளுக்கு இப்போது பதினொரு மாதம். இடப்பக்க மார்பில் சிறு கட்டி போல இன்னும் தட்டுப்படுகிறது. மருத்துவர் பார்த்து, இரண்டு வயதுக்குள் கரையும் என்றார். குளிப்பாட்டும்போது ஆயா அதைத் தடவிப் பார்ப்பார்; பிறகு, "இன்னும் அடங்கலடி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்.