மெயினை ஆஃப் பண்ணாதீங்கப்பா!

என் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தவன் நான்தான். வேறு யார் மேலும் தப்பில்லை.

திறக்க வைத்தவன் பெங்களூரில் இருக்கும் அக்கா பையன். 2024 அக்டோபரில் ஒரு நாள் ஃபோன் பண்ணினான்.

''மாமா, உங்க கம்ப்யூட்டர்ல என்ன ப்ராசஸர்?''

இன்டெல் ஐ7, பதிமூணாம் தலைமுறை என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மௌனம். செவ்வாய் தோஷம் என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

''பயாஸ் அப்டேட் பண்ணிட்டீங்களா?''

''எதுக்குடா? நல்லாத்தானே இருக்கு!''

''நல்லா இருக்கறப்பவே பண்ணணும் மாமா. கெட்டப்புறம் பண்ணிப் பிரயோஜனம் இல்லே.''

அவன் சொன்னதில் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ப்ராசஸர் தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று தானே மதர்போர்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுமாம், பந்தியில் உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம் சாம்பார்' என்கிற மாதிரி. டெஸ்க்டாப்புக்கான 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், இந்தக் கேட்கிற புத்தியில் கோளாறு. தேவைக்கு மேல் கேட்டது. மதர்போர்டும் பாவம், ஊற்றிக்கொண்டே இருந்தது. அதிக வோல்ட்டும் சூடும் சேர்ந்து, உள்ளே தாளம் போடுகிற சர்க்யூட்டுக்கு இளமையிலேயே முதுமை! அப்புறம் விளையாட்டு பாதியில் நிற்கும். 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சம்பந்தமில்லாமல் புகார் வரும். ஜனங்கள் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள்.

2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் வந்தது: '1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதே.' செப்டம்பரில் 0எக்ஸ்12பி: 'சும்மா இருக்கும்போதும் அதிகமாகக் கேட்காதே.' (இதை எனக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார், சாதத்தைப் பற்றி.) தேய்ந்துபோன ப்ராசஸரை இந்த மருந்து குணப்படுத்தாது. தேயாமல் காக்கும், அவ்வளவுதான். பெட்டியில் போட்டு விற்ற ப்ராசஸர்களுக்கு வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள்.

1994-ல் பென்டியம் கணக்கைத் தப்பாகப் போட்டது ஞாபகமிருக்கிறதா? 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும். அது 1.33374 என்றது. தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். சிப்பையே மாற்றித் தருவதைத் தவிர வேறு வழியில்லை. இன்டெல் அதற்காக ஒதுக்கியது 47.5 கோடி டாலர். அடுத்து வந்த பென்டியம் ப்ரோவிலிருந்து சிப்புக்குப் புத்திமதி சொல்ல வழி வைத்தார்கள். ஒரே கஷ்டம், கரென்ட் போனால் சொன்னதெல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பயாஸ் காதில் ஓதவேண்டும். அதனால்தான் பயாஸையே மாற்றச் சொல்கிறார்கள்.

''ரெண்டு விஷயம் மாமா. நடுவுல கரென்ட் போகக் கூடாது. பிட்லாக்கரை முதல்ல நிறுத்தி வெச்சுடுங்க.''

''சரி, சரி'' என்றேன். முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்த டிஸ்க்கில் என் அப்பா இருந்தார். பேரன்களுக்கு அவர் கதை சொல்லிப் பதிவுசெய்த ஒன்பது கேசட். பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததால் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். 'இன்னொரு காப்பி எடுத்து வைங்க' என்று மனைவி நாலு தடவை சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பேப்பரில் மின்தடைப் பட்டியல் பார்த்தேன், எங்கள் ஏரியா இல்லை. (யு.பி.எஸ். இருக்கிறது. பேட்டரிக்கு உயிர் போய் ஒரு வருஷமாகிறது, பீப் சத்தம் மட்டும் போடும்.) மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சரியான மாடலுக்குரிய ஃபைலை பென் டிரைவில் இறக்கி, ரீஸ்டார்ட் செய்து, டெலீட் பட்டனைத் தட்டி உள்ளே போய் ஆரம்பித்தேன். 10... 20... 35 சதவிகிதம்...

வாசலில் மணி. அபார்ட்மென்ட் எலெக்ட்ரீஷியன்.

''மோட்டார் ரிப்பேர் சார். மெயினை ஆஃப் பண்றேன், அஞ்சே நிமிஷம்!''

''ஐயோ, பண்ணாதீங்கப்பா!'' நான் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடி மாமி எட்டிப் பார்த்தார். அவரை உட்காரவைத்து, மனைவியைக் காபி கொடுக்கச் சொல்லி, வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

100 சதவிகிதம். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. ஆனால் திரை கறுப்பு. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... அது மெமரியை மறுபடி பழக்கப்படுத்திக்கொள்ளும் நேரமாம். எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

திரை வந்தது. விண்டோஸ் வரவில்லை. நீலத்தில் ஒரு கேள்வி: பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தரவும், 48 இலக்கம். பயாஸ் மாறியதைப் பார்த்து, வேறு எவனோ டிஸ்க்கைத் திறக்கிறான் என்று சந்தேகம்!

பெங்களூருக்கு ஃபோன். ''நிறுத்தி வெச்சீங்களா மாமா?''

''...''

''சாவி உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கலாம். செல்ஃபோன்ல திறந்து பாருங்க.''

''இல்லேன்னா?''

''இல்லேன்னா ஒண்ணும் பண்ண முடியாது.''

அவன் மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கவுன்ட் பாஸ்வேர்டு? மூளையில் அந்த இடம் காலி. எலெக்ட்ரீஷியன் காபி டம்ளருடன் எட்டிப் பார்த்து, ''சார், இப்ப ஆஃப் பண்ணலாமா?'' என்றார்.

மனைவி ஒன்றும் பேசாமல் பழைய தினசரிக் காலண்டரின் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே, அவள் கையெழுத்தில் என் பாஸ்வேர்டு.

சாவி இருந்தது! அவள் ஆறு ஆறாக எட்டு தடவை படிக்க, நான் தட்டினேன். ஐந்தாவது வரிசையில் ஒரு 7-ஐ 1 என்று அடித்து, திட்டு வாங்கி, திருத்தி, என்டர் தட்டினேன்.

திறந்தது.

முதல் காரியமாக ஒரு கேசட்டைப் போட்டேன். அப்பா வழக்கம்போல் இரண்டு தடவை இருமிவிட்டு, ''எங்கடா விட்டேன்?'' என்றார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் புது பென் டிரைவ்.

''முதல்ல அந்தக் காப்பி. அப்புறம்தான் இந்தக் காப்பி!''