நீரடிமுத்து எண்ணெய்

பெருநோய்க்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த நீரடிமுத்து எண்ணெயில், மற்ற எண்ணெய்களில் இல்லாத விசேஷம் என்ன இருக்கிறது என்று அன்பரொருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

கொழுப்பு அமிலங்கள் கரியணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள் என்பது வாசகர் அறிந்ததே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நீரடிமுத்து விருக்ஷத்தின் வித்திலோ, எங்கள் வீட்டுத் தாம்புக்கயிற்றின் நுனியில் குடத்தின் கழுத்துக்கென்று போட்டிருந்த சுருக்கைப் போல, சங்கிலியின் ஒரு கோடியில் ஐந்து கரியணுக்களாலான வளையம் ஒன்று அமைந்திருக்கிறது. கயிற்றைத் திரித்த பிறகே நாம் சுருக்கிடுவோம்; மரமோ முதலில் வளையத்தையும் அதையொட்டிய ஓரணுவையும் ஆக ஆறு அணுக்களைத் தயார் செய்துகொண்டு, அதன்மேல் இரண்டிரண்டாக ஐந்து முறை சேர்த்து 16 அணுக்கள் கொண்ட ஹிட்னோகார்ப்பிக் அமிலத்தையும், ஆறு முறை சேர்த்து 18 அணுக்கள் கொண்ட சால்மூக்ரிக் அமிலத்தையும் ஆக்கிவிடுகிறது. இவ்வளையத்தின் காரணமாகவே, சாதாரண எண்ணெய்களுக்கு அநேகமாக இல்லாத ஒரு குணம், அதாவது தளப்படுத்திய ஒளியைத் திருப்பும் சக்தி, இந்த எண்ணெய்க்கு வாய்த்திருக்கிறது. தாவர உலகில் இதைவிட விநோதமான கொழுப்பை நான் கண்டதில்லை.

மருந்தாக இதைச் செலுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் உடலில் கலவாமல் தோலுக்கடியில் கட்டிகட்டியாகத் தங்கிவிடும். ஹவாய்க் கல்லூரியில் ரசாயனம் போதித்துவந்த ஆலிஸ் பால் என்ற கறுப்பின யுவதி, இவ்வமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி, உடல் ஏற்கும்படி நீர்க்கச் செய்தார். 1916ஆம் ஆண்டின் கடைசி நாளில், 24ஆம் வயதில், ஆராய்ச்சியை வெளியிடுமுன்னரே அவர் காலமானார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அவர் பெயரைச் சொல்லாமலேயே அவ்வேலையைத் தொடர்ந்து பிரசுரித்தார். 1922இல் டாக்டர் ஹாரி ஹால்மன் அதற்கு ‘பால் முறை’ என்று பெயரிட்டு எழுதிய பிறகும் உலகம் ஆலிஸ் பாலை வெகுகாலம் நினைக்கவில்லை. மாண்டவர் வந்து வழக்காட மாட்டார் என்ற தைரியத்தில் செய்யப்படும் இத்தகைய அபகரிப்பைக் களவென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

1940களில் ஸல்ஃபோன் மருந்துகள் வந்தபின் இந்த எண்ணெய்க்கு வேலையில்லாமற் போயிற்று. ஆகையால், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் காணும் அன்பர்கள், வெட்கத்தாலோ எண்ணெயை நம்பியோ காலம் கடத்தாமல், கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கும் அரசாங்க மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டுகிறேன்.