கடையும் கிளையும் – 9: பிட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

கிளைக்கு ஆள் தெரிவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ஆள் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கிளிநொச்சியில் நன்றாக ஓடும் ஒரு பிட்டுக் கடையின் பெயரில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவில் கிளை திறக்க ஒரு பெண் முன்வருகிறார். பலகை எழுதலாம், மேசை கதிரை வாங்கலாம். கிளிநொச்சிக் கடையின் பிட்டு விசுவமடுவிலும் அதே பிட்டாக வருவதற்குத்தான் கையேடு வேண்டும். பிரான்சைஸ் என்று கொழும்பில் சொல்கிற கிளையுரிமை வியாபாரத்தில் பெயருக்கு அடுத்த பெறுமதியான சொத்து இந்தக் கையேடுதான்.

முதற்கடையில் மா குழைக்கும் அக்காவிடம், "எவ்வளவு தண்ணி விடுவீங்கள் அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அளவாத்தான் விடுவன் பிள்ளை" என்பார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. பல வருடங்களாகக் கை செய்வதை வாய் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். ஆகவே கையேடு எழுதுகிறவர் கேள்வித்தாளோடு போகக்கூடாது. தராசோடும் கொப்பியோடும் விடியப்புறமே போய் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நின்றால் என்ன தெரியும்? வறுத்த அரிசிமாவைச் சுண்டால் அளந்து சட்டியில் கொட்டுகிறார். உப்புப் போடுகிறார். கொதிநீரைச் சுற்றிவர விட்டு அகப்பைக் காம்பால் கிளறுகிறார். பிறகு அளந்த அதே சுண்டின் விளிம்பால் மாவைக் கொத்துகிறார். கட்டிகள் உடைந்து மணியாகின்றன. ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்க்கிறார்; பிடிபடுகிறது. பெருவிரலால் தட்டுகிறார், உதிர்கிறது. தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் போடுகிறார்.

இதில் எழுதவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று சுண்டு. தட்டித் தட்டி நிரப்பினால் ஒரு நிறை, தளர்வாக அள்ளினால் இன்னொரு நிறை. வீட்டில் இது பொருட்டில்லை. இரண்டு கடையில் ஒரே பிட்டு வேண்டுமென்றால் மாவைக் கிராமில் நிறுத்துத்தான் எழுத வேண்டும். மற்றது அந்தப் பெருவிரல். தண்ணீரை மில்லிலீற்றரில் மட்டும் எழுதிக் கொடுத்தால் மாரி மழையில் ஈரம் பிடித்த மா களியாகிவிடும். பங்குனி வெயிலில் காய்ந்த மா தண்ணீர் போதாமல் மாவாகவே கிடக்கும். ஆகவே அளவையும் எழுதி அடையாளத்தையும் எழுதுங்கள்: 'இந்த அளவில் முக்கால்வாசித் தண்ணீரை முதலில் விடவும். பொத்தினால் பிடிபட்டு, தட்டினால் உதிரும்வரை மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவும்.' எண் புதியவருக்குத் துணிவு தரும். அடையாளம் அவரைக் காப்பாற்றும்.

உலகின் மிகப் பெயர்பெற்ற உணவுக் கையேடும் இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்தே பிறந்தது. ரே குரொக் 1955 ஏப்ரலில் இலினோய் மாநிலத்தின் டெஸ் பிளெயின்சில் தன் முதல் மக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். அவரிடம் சேர்ந்த பிரெட் ரேணர் என்ற இளைஞர் அடுப்படியில் வேலை செய்தவர். 1958இல் அவர் எழுதிய கையேடு 75 பக்கம். இறைச்சி வட்டுகளை இடமிருந்து வலமாக, வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை வைக்க வேண்டும்; புரட்டும்போது முதலாம் வரிசையில் தொடங்காமல் மூன்றாம் வரிசையில் தொடங்கி ஆறுவரை போய், கடைசியாக முதலிரண்டு வரிசைகளுக்கு வரவேண்டும் என்பது முறை. காரணம், அந்த முதலிரண்டு வரிசைகளும் சூட்டுக்குத் தூரம். காரியாலய மேசையில் இருந்த ஒருவருக்கு இது தோன்றியிருக்காது. நம் கையேட்டில் ஒவ்வொரு விதிக்குக் கீழும் இப்படி ஒரு வரிக் காரணம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் தெரிந்தவர் காஸ் அடுப்பிலிருந்து விறகடுப்புக்கு மாறினாலும் சமாளிப்பார். விதி மட்டும் தெரிந்தவர் அன்றைக்குக் கடையைப் பூட்டுவார்.

எல்லாவற்றையும் எழுதிவிடவும் கூடாது. இதற்கு நம்மிடமே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்கள், தெற்கில் மத்திய விவசாயத் திணைக்களம் தொடங்கிய ஹெல போஜுன் கடைகளின் வழியில் வந்தவை. இது கிளையுரிமை வியாபாரம் அல்ல. அரசு இடமும் பயிற்சியும் கொடுக்க, பெண்கள் சமைத்து விற்று உழைக்கும் ஏற்பாடு. ஆனால் கிளிநொச்சியில் சாப்பிட்டவர் திருநெல்வேலியிலும் அந்தப் பெயரைக் கண்டதும் உள்ளே போகிறார். எதை நம்பி? கண்முன்னே சமைப்பார்கள், சுத்தமாக இருக்கும், குரக்கனும் உழுந்தும் கீரையும் கொண்ட நம் சாப்பாடு கிடைக்கும், விலை தாங்கும். கைக்குக் கை உருசி கொஞ்சம் மாறுவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்தப் பெயர் கொடுக்கும் வாக்கு அதுதான்.

உங்கள் பெயர் கொடுக்கும் வாக்கு என்ன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதைத் தொடும் பக்கங்களில் ஒரு சொல்லும் தளரக்கூடாது. பிட்டின் பதம், கை கழுவுதல், தண்ணீர் கொதிக்கவைத்தல், மிஞ்சியதை மறுநாள் விற்காமை எல்லாம் அங்கே வரும். மற்றதைக் கிளைக்காரியிடம் விடலாம். விசுவமடுவில் காலையில் வயலுக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குப் பார்சல் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சம்பலுக்கு எத்தனை செத்தல் மிளகாய் என்பதையும் அந்த ஊர் நாக்கே சொல்லட்டும்.

விலையைக் கையேட்டுக்குள் எழுதவே வேண்டாம். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு இட்லி ஒரு ரூபாய் என்று அறிவிக்க முடிந்தது, மிச்சச் செலவை அரசு சுமந்ததால். நம் கடைக்கு அப்படி யாரும் இல்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களும், நாளுக்கொரு விலை விற்ற மாவும் மறக்கவில்லையே! விலை தனித்தாளில், திகதியோடு இருக்கட்டும்.

பொருள் கிடைக்காத நாளுக்கும் ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். 2020இல் உழுந்து இறக்குமதியை அரசு நிறுத்தியபோது விலை எங்கேயோ போனது. உழுந்து விளையும் வவுனியாவுக்குப் பக்கத்திலிருக்கும் நமக்கே அது தட்டுப்பட்டது. அப்படி ஒரு நாளில் கிளைக்காரி என்ன செய்வது? உழுந்தோடு வேறு மாவைக் கலப்பதா, வடையை நிறுத்துவதா? நிறுத்துவது என்றே எழுதுங்கள். அன்றைய வடைக் காசு போனால் நாளைக்கு உழைக்கலாம்.

அனுமதிப் பக்கத்தைக் கிளிநொச்சியிலிருந்து அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள். தர்மபுரம் தாண்டி விசுவமடுவுக்கு வந்தால் மாவட்டமே மாறிவிடுகிறது. கிளிநொச்சிக் கடைக்குக் கரைச்சிப் பிரதேச சபை; விசுவமடுவுக்குப் புதுக்குடியிருப்புப் பிரதேச சபை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வேறு ஆள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இரண்டு இடத்துக்கும் பொது. ஆனால் யாரிடம், எந்தக் கந்தோரில், என்னென்ன தாளோடு போவது என்பதைக் கிளைக்குக் கிளை தனியாகத்தான் எழுத வேண்டும்.

இலங்கையில் கிளையுரிமைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பெயரையும் குறியையும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதியலாம். மற்றதெல்லாம் இரு தரப்பும் கையெழுத்து வைக்கும் உடன்படிக்கைதான். அந்த உடன்படிக்கை பெரும்பாலும் 'கையேட்டின்படி நடக்க வேண்டும்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். அதனால் கையேட்டில் போகிறபோக்கில் எழுதிய வசனமும் நாளைக்கு ஒருவரின் கடையைப் பறிக்கும் ஆயுதமாகலாம். நகையை அடகுவைத்துக் கிளை எடுக்கும் பெண்கள் வன்னியில் இருக்கிறார்கள். கணவர் போரில் போனபிறகு தனியாகக் குடும்பம் இழுப்பவர்கள் அவர்களில் பலர். முதலாளி நினைத்த நேரம் கையேட்டை மாற்றி, புதிதாக நாலு பாத்திரம் வாங்கு என்று சொன்னால் கிளை எடுத்தவர் எங்கே போவார்? செலவு வரும் மாற்றம் எதற்கும் முன்னறிவித்தலும் தவணையும் உண்டு என்று முதற்பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அந்த மா குழைக்கும் அக்காவையும் மறக்க முடியாது. கையேட்டில் இருப்பது அவருடைய கையறிவு. எழுதி முடிந்ததும் அவர் இல்லாமலே கடைகள் பெருகும். ஒவ்வொரு கிளை திறக்கும்போதும் அவருக்கு ஒரு தொகை என்று எழுத்தில் வைக்காத முதலாளியின் கையேட்டில் நான் உழைக்க மாட்டேன்.

எழுதி முடித்ததும் பிட்டுப் பக்கத்தை, கடைப் பிட்டு ஒருநாளும் அவிக்காத ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் எங்கே நின்று உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ அந்த வரி சரியில்லை, திருப்பி எழுதுங்கள். பேச்சுத் தமிழில் எழுதினாலும் பாதகமில்லை. படம் ஒட்டுங்கள். பக்கங்களைத் தைக்காமல் கோவையில் போடுங்கள், மாற்றும் பக்கத்தில் திகதி இடுங்கள். கடைசியில் சில வெற்றுத்தாள்கள் விடுங்கள். மூன்று மாதத்தில் விசுவமடுக் கிளைக்காரி எழுதுவதற்கு நிறைய இருக்கும், அதில் பாதி கிளிநொச்சிக் கடைக்கும் உதவும்.

அடுத்த வாரம் உடன்படிக்கை: முற்பணம் எவ்வளவு, மாதப்பங்கு விற்பனையிலா இலாபத்திலா?

(தொடரும்)