பேட்டரியை மாற்றியதும் கணினி எழ மறுப்பது ஏன்?

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்து மக்களுக்கு மழையும் இடியும் புதியவை அல்ல. புக்கிட் லாருட் அடிவாரத்தில் இருக்கும் இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வானம் இருண்டாலே வீட்டில் உள்ள பெரியவர்கள், "கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கு" என்று குரல் கொடுப்பார்கள். இது நல்ல பழக்கமே. ஆனால் இதற்கும் கணினிக்குள் இருக்கும் ஒரு சிறு பேட்டரிக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மேசைக் கணினியின் தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், 20 சென் நாணயத்தின் அளவில் வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது 'சிஆர்2032' வகை. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, 3 வோல்ட் மின்னழுத்தம். விலை சில வெள்ளிதான். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பதும், பல பலகைகளில் தொடக்க அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் இதன் வேலை.

தொடக்க காலத்து ஐபிஎம் பிசி கணினிகளில் இந்த வசதி இல்லை. கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட 'பிசி ஏடி' கணினியில்தான் பேட்டரியால் இயங்கும் கடிகாரமும், அமைப்புகளைக் காக்கும் 64 பைட் நினைவகமும் சேர்ந்து வந்தன. அந்த நினைவகம் 'சிமோஸ்' வகையைச் சேர்ந்தது. அந்தப் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

பிளக் செருகியிருக்கும் வரை, கணினி அணைக்கப்பட்டிருந்தாலும் பலகைக்குச் சிறிதளவு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அப்போது பேட்டரிக்கு வேலை குறைவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழுகிறது. அதனால் அடிக்கடி பிளக்கைப் பிடுங்கும் வீடுகளில் பேட்டரி சற்று முன்னதாகவே தீர்ந்துபோகலாம். அதற்காக இடி நேரத்தில் பிளக்கைச் செருகியே வைத்திருக்கக் கூடாது. பேட்டரியின் விலை சில வெள்ளி. மின்னல் தாக்கினால் கணினியே போய்விடும்.

மாற்றிய பிறகு நடப்பது என்ன?

கடிகாரம் பின்தங்குவதும், திரையில் 'சிமோஸ் செக்சம் எரர்' என்று வருவதும் பேட்டரி தீர்ந்ததற்கு அடையாளங்கள். புதிய பேட்டரியைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சில கணினிகள் அதற்குப் பிறகுதான் விண்டோசுக்குள் போகவே மறுக்கின்றன.

காரணம் எளிது. பழைய பேட்டரியைக் கழற்றியதும் பலகை தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. எந்த வட்டிலிருந்து தொடங்குவது, எந்த முறையில் வட்டைப் படிப்பது என்பதெல்லாம் மாறிப்போகிறது. வட்டில் இருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழிதான் பலகைக்கு மறந்துவிட்டது.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் உள்ளே பாருங்கள். பேட்டரியின் கூட்டல் குறி உள்ள பக்கம் பெரும்பாலும் மேலே இருக்க வேண்டும். கை பட்டு ரேம் அட்டையோ வட்டின் கம்பியோ தளர்ந்திருக்கலாம். அவற்றை அழுத்திப் பொருத்துங்கள். தனிக் கிராபிக்ஸ் அட்டை இருந்தால் திரையின் கம்பியை அதில்தான் செருக வேண்டும்.

அமைப்புகள் அழிந்த பின் முதல் முறை திறக்கும்போது, சில புதிய கணினிகள் திரையில் எதுவும் காட்டாமல் ஓரிரு நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். தானாகவே அணைந்து எழுவதும் உண்டு. அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

'எஃப்1 அழுத்தவும்' என்ற செய்தி வந்தால் பயப்படத் தேவையில்லை. 'டெல்' அல்லது 'எஃப்2' விசையை அழுத்தி பயோஸ் பக்கத்திற்குள் செல்லுங்கள். அங்கே நான்கு காரியங்கள் உள்ளன.

ஒன்று, தேதியையும் நேரத்தையும் திருத்துவது. ஆண்டு தவறாக இருந்தால் விண்டோஸ் திறந்தாலும், வங்கி இணையத்தளங்கள் 'பாதுகாப்பற்ற தொடர்பு' என்று எச்சரித்துத் திறக்க மறுக்கும்.

இரண்டு, தொடக்க வரிசையில் விண்டோஸ் உள்ள வட்டை முதலாவதாக வைப்பது.

மூன்று, 'சாட்டா' முறையைக் கவனிப்பது. விண்டோஸ் நிறுவப்பட்டபோது 'ஏஎச்சிஐ' முறை இருந்து, இப்போது 'ஐடிஇ' அல்லது 'ரெய்டு' என மாறியிருந்தால் நீலத்திரை தோன்றும். பழைய முறைக்கே மாற்ற வேண்டும்.

நான்கு, 'யூஇஎஃப்ஐ', 'லெகசி' என்ற இரண்டில் முன்பு எது இருந்ததோ அதைத் தேர்வது. முன்பு எது இருந்தது என்று தெரியாவிட்டால், ஒன்றை மாற்றிப் பார்த்து, பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். மாற்றங்களைச் சேமிக்கப் பெரும்பாலும் 'எஃப்10' விசை.

சில கணினிகள் 48 இலக்க 'பிட்லாக்கர்' சாவியைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பேட்டரியை மாற்றும் முன்பே அதைக் குறித்து வைப்பது நல்லது. பயோஸ் பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

ஃபார்மெட் அவசரம் வேண்டாம்

கணினி எழவில்லை என்றதும் "ஃபார்மெட் செய்துவிடலாம்" என்று சொல்வோர் உண்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது அது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், திருமணப் படங்கள், ஆலய நிர்வாகக் கணக்குகள் எல்லாம் காரணமின்றி அழிந்துபோகும். கடைக்குக் கொண்டுபோனால், "பேட்டரி மாற்றிய பிறகுதான் இப்படி ஆனது, வட்டில் கை வைக்க வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயோசில் வட்டின் பெயரே தெரியவில்லை என்றால் மட்டும் கம்பியையும் வட்டையும் சோதிக்க வேண்டும். மடிக்கணினியில் இந்த பேட்டரி பெரும்பாலும் உள்ளே ஆழத்தில் இருப்பதால் அதைத் தெரிந்தவரிடம் விடுவதே மேல்.

கடைசியாக ஒன்று. கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். கணினிக்கு உதவாத பேட்டரியிலும் மின்சாரம் மிச்சம் இருக்கும். சிறு குழந்தை அதை விழுங்கினால், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.